சிரிப்புக்கு ஐந்து நிமிடம்

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது உலக வழக்கு. ஆனால் 2017-ஆம் ஆண்டு முதல், பெருந்தொற்றினால் அரங்குகள் மூடிக்கிடந்த மாதங்கள் நீங்கலாக, மாதத்தில் இரண்டு மூன்று மாலைகளில் நான் வீட்டுக்குச் செல்லாமல் வழியில் வேறொரு நிலையத்தில் இறங்கிவிடுகிறேன். 'இவன் எங்கே போகிறான்?' என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என் மனைவியிடமே விசாரித்திருக்கிறார்களாம். அவர்களுடைய ஐயத்தைத் தீர்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று. நான் மதுக்கடைக்குப் போகவில்லை. முன்பின் அறியாத மக்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். அப்படிப்பட்ட இடங்கள் சிலவற்றில் மதுவும் விற்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்குள்ள விலைப்பட்டியலைப் பார்த்த ரயில்வே எழுத்தன் எவனும் தண்ணீருக்கு மேல் எதையும் கேட்கமாட்டான்.

'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இக்கலையைத் தனியாள் நகைச்சுவை எனலாம். ஒருவன் மேடையேறி, ஒலிவாங்கியின் முன் நின்று, தன் வாழ்க்கையிலிருந்து சில செய்திகளைச் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் நம் நாட்டுக் கலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் கடுமை விளங்கும். கதாகாலட்சேபம் செய்பவருக்குப் பின்பாட்டு உண்டு. வில்லுப்பாட்டுக்காரருக்கு 'ஆமாம்' போடுவதற்குப் பக்கத்திலேயே ஆள் உண்டு. தெருக்கூத்தில் கட்டியக்காரனுக்கு வேடமும் துணைக்கு அரசனும் உண்டு. பட்டிமன்றப் பேச்சாளர் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க நடுவர் இருக்கிறார். தனியாள் நகைச்சுவைக்காரனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது சிரிப்புக்கு உரியதா இல்லையா என்பதை எதிரில் இருப்பவர்கள் அந்த நொடியிலேயே தீர்ப்பிட்டுவிடுவார்கள். அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இப்பெயரும் இவ்வடிவமும் மேல்நாட்டிலிருந்து வந்தவை என்றாலும், ஒருவன் தனித்து நின்று அவையை எள்ளும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கேரளத்துச் சாக்கியார் கூத்தில் சாக்கியார் புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே எதிரில் இருப்பவர் எவரையும் கேலி செய்வார். அரசனே அமர்ந்திருந்தாலும் அவனுக்கும் விலக்கில்லை. நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் பயின்று வளர்ந்தவர். 1957-இல் அவர் மறைந்தார். ஆயினும் யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைப்பது எப்படி என்ற பேச்சு எழும்போதெல்லாம் தமிழர் வாயில் முதலில் வரும் பெயர் இன்றும் அவருடையதே.

நாம் வாழும் இந்த மும்பை மாநகரில் இக்கலை தனி அரங்கு பெற்றது அண்மைக் காலத்தில்தான். லண்டன் மாநகரில் 1979-இல் தொடங்கிய 'காமெடி ஸ்டோர்' என்னும் அரங்கு, 2010-இல் இங்கே லோயர் பரேலில் ஒரு கிளையைத் திறந்தது. திறந்த இடம் பழைய பீனிக்ஸ் பஞ்சாலை வளாகம். 1982-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தில் ஆலைத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஈடுபட்டனர். அதற்குப்பின் பல ஆலைகள் மீண்டும் எழவேயில்லை. தறிகளின் ஓசை அடங்கிய இடங்களில் வணிக மாளிகைகள் எழுந்தன. அவற்றினுள் ஒரு மூலையில் சிரிப்பொலி கேட்கத் தொடங்கிற்று.

ஆனால் இந்நகரத்தின் நகைச்சுவைக்கு அதற்கும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. அது தொழிலாளரின் வரலாறு. திரைப்பட நகைச்சுவை நடிகர் ஜானி லீவர் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, தாராவிப் பகுதியில் வளர்ந்தவர். ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, ஆலை விழாவில் தம் மேலதிகாரிகளைப் போல் பேசி நடித்துக் காட்டினார். உடன் உழைத்தவர்கள் மகிழ்ந்து ஆலையின் பெயரையே அவர் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். தென்னாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், தொழிலாளர் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து நாடறிந்தவரானார் என்பது என்னைப் போன்றோருக்குப் பெரிய ஊக்கம்.

நான் முதலில் ஏறியது அத்தகைய பெரிய அரங்கம் எதிலும் அன்று. புதியவர்களுக்கென்று 'ஓப்பன் மைக்' என்னும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சிற்றுண்டிச் சாலையின் மாடியிலோ, ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ நாற்பது ஐம்பது நாற்காலிகள் போட்டிருப்பார்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு நான்கு அல்லது ஐந்து நிமிடம். நேரம் முடியப்போகிறது என்பதற்கு அறிகுறியாகப் பின்னாலிருந்து ஒருவர் சிறு விளக்கை ஆட்டிக் காட்டுவார். ரயில்வேக்காரனுக்கு அது புதிதா? கார்டு விளக்குக் காட்டினால் வண்டி நகர வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டிருந்த கதையை நடுவில் நிறுத்திவிட்டு, நன்றி கூறி இறங்கிவிடுவேன்.

வந்திருப்பவர்களில் பாதிப்பேர் தாங்களும் மேடையேறக் காத்திருப்பவர்கள். அவர்கள் சிரிக்கமாட்டார்கள். தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் மாணவர்களைப் போல் உதடுகளை அசைத்துத் தத்தம் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். மீதிப்பேரில் சிலர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்தச் சபையில் முதல் சிரிப்பை எழுப்புவது ஈர விறகைப் பற்ற வைப்பது போன்றது.

என் முதல் முயற்சி பயணச்சீட்டு முகப்பைப் பற்றியது. "'விரைவு வண்டி எப்போது வரும்?' என்று ஒருவர் கேட்டார். 'தாமதமாக வரும்' என்றேன். 'வழக்கமான தாமதமா, விசேஷத் தாமதமா?' என்று கேட்டார்." இதற்குச் சிரித்தார்கள். இந்நகரில் வண்டிக்குக் காத்திராதவர் யார்? இதிலிருந்து ஒன்று புரிந்தது. சொல்பவனும் கேட்பவனும் ஒரே நடைமேடையில் நின்றிருந்தால் சிரிப்பு தானாக வருகிறது.

கற்றுக்கொண்டது பெரும்பாலும் பார்த்துத்தான். ஒலிவாங்கியைத் தாங்கும் கம்பியைப் புதியவர்கள் தம் முன்னாலேயே வைத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிவார்கள். பழகியவர்கள் முதலில் அதை எடுத்துப் பின்னால் வைத்துவிடுவார்கள். கூரை தாழ்ந்த சிறு அறையில் சிரிப்புப் பெருகும்; உயர்ந்த பெரிய கூடத்தில் அது மேலே போய்த் தொலைந்துவிடும். முன்வரிசை காலியாக இருந்தால் யார் வந்தாலும் வெல்வது அரிது. 2005-இல் இந்தியில் 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்', தமிழில் 'கலக்கப் போவது யாரு' ஆகிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தோன்றியபின் நகைச்சுவை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பார்க்கும்போது நாம் தனியாகச் சிரிக்கிறோம். அரங்கில் அடுத்தவர் சிரிப்பதனால் நாமும் சிரிக்கிறோம். நம் பக்கத்தில் இருப்பவர் சிரிக்காவிட்டால் அதுவும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை நெடுநாள் உறங்கவிடாமல் செய்தது.

தென்னாட்டான் ஒருவன் மேடையேறினால் இங்குள்ளவர்கள் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. 'ஐயையோ' என்று தலையை ஆட்டி, இந்தியைக் குதறிப் பேச வேண்டும். 1968-இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் நடிகர் மெஹமூத் ஏற்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் வேடம் இந்த எதிர்பார்ப்பை நாடெங்கும் ஊன்றிவிட்டது. நெடுங்காலம் மேடை கண்ட நண்பர் ஒருவர் என்மீது அன்பு கொண்டு, "நீ ஏன் வீணாக உழைக்கிறாய்? மதராஸி உச்சரிப்பில் பேசு. சிரிப்பு கைமேல் கிடைக்கும்" என்று அறிவுரை கூறினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் இந்நகரிலேயே பிறந்தவன். நகராட்சிப் பள்ளியில் படித்து, மெட்ரிகுலேஷன் தேறியவன். என் இந்தி மும்பைத் தெருவின் இந்தி. அந்த மதராஸி உச்சரிப்பு எனக்கு வராது! அதை நான் எவரிடமாவது கற்றுக்கொண்டுதான் நடிக்க வேண்டும். யாரிடம் கற்பது? என் அம்மாவிடம்தான். அம்மாவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் என்ற வேற்றுமையே கிடையாது. காய்கறிக்காரனும் 'வருகிறாள்', அவன் மனைவியும் 'வருகிறாள்', எங்கள் அப்பாவும் 'வருகிறாள்'. ஆனால் அந்த இந்தியைக் கொண்டுதான் அவர் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தினார். ரேஷன் கடையில் வழக்காடினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார். அந்த இந்தியைக் கேட்டுச் சிரித்த கடைக்காரன் ஒருவனும் அவரிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை.

அதே பேச்சை நான் மேடையில் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து? முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தால் அவரும் சிரிப்பாரா? இந்தக் கேள்விக்கு விடை தெரியும் வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதிலாக என் அப்பாவின் கதை ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அப்பா 1967-இல், தம் பதினெட்டாம் வயதில், நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். பரேல் ரயில்வே தொழிற்கூடத்தில் கலாசியாகச் சேர்ந்தார். பக்கத்திலேயே ஒரு சாலில், ஓர் அறையில் ஒன்பது பேராகத் தங்கியிருந்தார். அக்காலத்தில் இந்நகரில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்ததும், உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டதும் நம்மில் மூத்தவர்கள் அறிந்தவை. லுங்கி கட்டியவனைக் குழலூதி விரட்டு என்னும் பொருளில், எதுகை நயத்தோடு ஒரு முழக்கமும் உண்டாக்கியிருந்தார்கள். கேட்பவருக்கு அது வேடிக்கை. லுங்கி கட்டியவனுக்கு அது வேடிக்கையன்று.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் லுங்கியைச் 'சாரம்' என்பார்கள். அப்பாவிடம் இருந்தவை இரண்டு சாரங்கள்தாம். அச்சத்தினால் சோர் பஜாருக்குப் போய்ப் பழைய கால்சட்டை ஒன்று வாங்கினார். அதன் முதல் சொந்தக்காரர் நல்ல வாளிப்பான மனிதராக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் இடுப்பில் அது நிற்கவில்லை. ஆகவே உள்ளே சாரத்தைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் கால்சட்டையை ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பாராம்.

ஒருநாள் விடியற்காலை பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளிலும் இரண்டு வாளிகளோடு திரும்பும்போது, சந்தின் எதிர்முனையிலிருந்து பத்துப் பதினைந்து இளைஞர்கள் முழக்கமிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அதே நேரத்தில் கால்சட்டை நழுவத் தொடங்கியது. தண்ணீரைக் கீழே வைப்பதா, கால்சட்டையை விடுவதா? அப்பா கால்சட்டையை விட்டுவிட்டார்! "பேண்ட்டு போனா நூறு பேண்ட்டு வாங்கலாம்லே, குழாய்த் தண்ணி போனா மறுநாள் காலையிலதான்" என்று அதற்கு விளக்கம் வேறு சொல்வார். கால்சட்டை கீழே விழ, உள்ளே சுருண்டிருந்த சாரம் கொடி அவிழ்வது போல் அவிழ்ந்து இறங்கியது. வந்தவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள்; பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுள் ஒருவன் எங்கிருந்தோ ஒரு சணல் கயிற்றைக் கொண்டுவந்து கால்சட்டையை இடுப்போடு கட்டிவிட்டான். அன்றுமுதல் அந்தச் சாலில் அப்பாவின் பெயர் 'பேண்ட் அண்ணா'. கயிறு கொடுத்தவர் பிற்காலத்தில் அப்பாவோடு அதே தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். 2006-இல் அப்பா பணியிலிருக்கும்போதே மறைந்தபோது தோள் கொடுக்க வந்த நால்வரில் அவரும் ஒருவர்.

இக்கதையை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும், "சிரிச்சவன் அடிக்க மாட்டாம்ல" என்று சொல்லி முடிப்பார்.

இதை நான் இந்தியில் முதன்முதலாகச் சொன்னபோது, லுங்கி என்ற சொல் வாயிலிருந்து வந்தவுடனேயே அரங்கம் சிரித்துவிட்டது. கதை இன்னும் தொடங்கவேயில்லை, வாளியும் வரவில்லை. அப்பாவின் உடையைப் பார்த்து மட்டும் சிரித்த சிரிப்பு அது. ஆகவே கதையின் வரிசையை மாற்றினேன். லுங்கியைப் பற்றி முதலில் ஒன்றுமே சொல்வதில்லை. ஒன்பது பேர் தங்கிய அறை, விடியற்காலைக் குழாயடி, இரண்டு வாளி, தளர்ந்த கால்சட்டை, எதிரில் கூட்டம் என்று கொண்டுபோய், 'எதை விடுவது?' என்ற இடத்தில் சற்றே நிறுத்தினேன். இந்நகரில் தண்ணீருக்குக் காத்திராத வீடு எது? குஜராத்தியும் மராத்தியும் பிகாரியும் தண்ணீரின் பக்கமே நின்றார்கள். கால்சட்டையை விட்டார் என்றதும் எழுந்த சிரிப்பு அப்பாவின் முடிவை ஒப்புக்கொண்ட சிரிப்பு. சாரம் அவிழ்ந்தபோது அவர்கள் ஏற்கெனவே அப்பாவின் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஒரே கதைதான், ஒரு சொல்லை முன்னே வைப்பதற்கும் பின்னே வைப்பதற்கும் இத்தனை வேறுபாடு!

ஓராண்டுக்குப்பின் செம்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு அம்மாவையும் மனைவியையும் அழைத்துச் சென்றேன். அம்மா முன்வரிசையில் அமர்ந்து கதை முழுவதையும் கேட்டார். எல்லோரும் சிரித்தபோது அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு நிம்மதி பிறந்தது. மின்ரயிலில் வீடு திரும்பும்போது அம்மா மெல்லச் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னே ஐயா. ஆனா ஒண்ணு விட்டுட்டியே."

"என்னம்மா விட்டேன்?"

"அதுக்கப்புறம் அவுக இந்த ஊரு மண்ணுல சாரமே கட்டலையே. வீட்டுக்குள்ள கூடக் கட்டமாட்டாக. ஊருக்குப் போகையில ரயிலு சோலாப்பூர் தாண்டட்டும்னு முழிச்சிருந்து, தாண்டினதும் எந்திரிச்சுப் போயிச் சாரம் மாத்திக்கிட்டு வந்து படுப்பாக. நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறைதோறும் பார்த்திருக்கிறேன். சோலாப்பூர் தாண்டியதும் அப்பா பையைத் திறப்பார். திரும்பி வரும்போது சாரத்தில் இருப்பார். முகம் தெளிந்து, காலை நீட்டிப் படுப்பார். உறங்குவதற்காக மாற்றிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். மராட்டிய எல்லையின் பக்கம் வந்தபிறகுதான் அவருக்குத் தம் உடையைத் தாம் உடுத்தும் துணிவு வந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். சிரித்தவன் அடிக்கமாட்டான் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அப்பா முப்பத்தெட்டு ஆண்டுகள் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதையும் கதையோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். இந்தி அரங்குகளில் கால்சட்டை விழும் இடத்தில் பெருஞ்சிரிப்பு. சோலாப்பூர் வந்ததும் அமைதி. ஊசி விழுந்தால் கேட்கும். நகைச்சுவை மேடையில் அமைதி என்பது வண்டி தடம் புரள்வது போன்றது. "கடைசிப் பகுதியை வெட்டிவிடு, சிரிப்பிலேயே முடி" என்றார் அந்தப் பழைய நண்பர். அவர் கூறியது தொழில்முறைப்படி சரியே. ஆயினும் நான் வெட்டவில்லை. ஒருமுறை நிகழ்ச்சி முடிந்தபின் மராத்தி இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போனார். அந்த அமைதியும் ஒருவகைக் கைத்தட்டல்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். முதன்முறையாக அக்கதையைத் தமிழில் சொன்னேன். கால்சட்டை நழுவும் இடம் வந்தது. இந்தி அரங்குகளில் கூரை அதிரும் இடம் அது. இங்கோ பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை. எதிரில் கூட்டம் வருகிறது என்றபோதே அவர்கள் முகம் இறுகிவிட்டது. அவர்களில் பலர் அந்தச் சந்தில் நின்றவர்கள். 'இன்று வண்டி தடம் புரண்டது' என்றே நான் எண்ணினேன்.

பிறகு சோலாப்பூர் வந்தது. "சோலாப்பூர் தாண்டியதும் அப்பா பையைத் திறப்பார்" என்றேன். அவ்வளவுதான். மண்டபமே குலுங்கிற்று! நான் மேலே பேச முடியவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து, "எங்கப்பாவுக்கு வாடி ஜங்ஷன்!" என்றார். இன்னொரு பக்கத்திலிருந்து "ராய்ச்சூர்!" என்று ஒரு குரல். "குண்டக்கல்!" என்று மற்றொரு குரல். பெண்கள் பகுதியிலிருந்து ஓர் அம்மையார், "எங்க வீட்டுக்காரருக்கு அரக்கோணம்! அவ்வளவு தைரியசாலி!" என்றாரே பார்க்கலாம், அதற்கு எழுந்த சிரிப்பைப் போல் ஒன்றை நான் எந்த அரங்கத்திலும் கேட்டதில்லை. பின்னால் விளக்குக் காட்டவும் எவரும் இல்லை. ஐந்து நிமிடம் கால்மணியாயிற்று. தமிழைவிட இந்தியும் மராத்தியும் நன்றாகப் பேசும் நம் பிள்ளைகள் தத்தம் தாத்தா பாட்டியின் பக்கம் திரும்பி, "நீங்களுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து நான் கண்ணாரக் கண்டேன்.

இதை எண்ணிப் பார்க்கும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களன்கள் நான்கு என்றும், அவற்றுள் எள்ளல் ஒன்று என்றும் வகுக்கிறார். உரை எழுதிய பேராசிரியர் அந்த எள்ளலை மேலும் இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் நம்மை எள்ளும்போது நாம் நகுவது மற்றொன்று. முதலாவதை எவரும் அறிவர். இரண்டாவதைப் பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போனவர்களே முழுதும் அறிவார்கள் என்பது என் எண்ணம். நம் முன்னோர் இந்த ஊரில் காலூன்றியது உழைப்பினால் மட்டும் அன்று. தம்மைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து தாமும் சிரித்ததனாலும்தான். அந்தச் சிரிப்புக்குள் மடித்து வைத்திருந்த சாரத்தை அவர்கள் வெளியே எடுத்துக் காட்டவில்லை. நம் மண்டபத்தில் அன்று ஒவ்வொருவரும் அதை எடுத்துக் காட்டியபோது, தம்மையொத்தவர் நடுவில் அச்சமின்றிச் சிரித்தார்கள்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் இடம் ஒதுக்குவது போல், நகைச்சுவைக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். வேடமும் வேண்டாம், பக்கவாத்தியமும் வேண்டாம். தமிழ் தடுமாறும் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த மொழியிலேயே பேசட்டும். ஒரே ஒரு விதி போதும்: யாரைப் பற்றிக் கதை சொல்கிறோமோ, அவர் உயிரோடு இருந்தால் அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அவரும் சிரித்தால் கதை தேறியது.

அடுத்த மாதம் என் அம்மா தம் இந்தியைப் பற்றித் தாமே பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை அவரைவிட நன்றாகப் பேசக்கூடியவர் இந்நகரில் இல்லை. முன்வரிசையில் நான் இருப்பேன். அன்பர்கள் அனைவரும் குடும்பத்தோடு வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்.